பலூன் தட்டியும் துல்லியக் கோட்பாடும்: செம்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிபி துப்பாக்கி வலியதா, பெல்லட் ரைஃபிள் வலியதா, இரண்டில் குறி தவறாதது எது என்பது மேலைநாடுகளில் தீராத வழக்கு. அதைப் பற்றி எழுதியவர்கள் எவரும் செம்பாக்கத்தை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. இவ்வாய்வுக்கு இதுவே போதிய நியாயம். போதாது என்பவர்கள், இதைவிடக் குறைந்த நியாயத்துக்கெல்லாம் முனைவர் பட்டம் தரப்பட்டிருப்பதை நினைவிற்கொள்க. ஆய்வெல்லை செம்பாக்கமும் ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர் உள்ளிட்ட சுற்றுவட்டாரமும் ஆகும். சான்று கிடைக்காத இடங்களில் மட்டும் எல்லை மெரினா வரை நீளும். செம்பாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டபடியால், அது நகராட்சியாக இருந்த காலத்துத் துப்பாக்கிகள் தனி ஆய்வுக்கு உரியவை. பெயர்க்காரணம் ஆராயப்படவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், தேவைக்கு அதிகமாகவே.

முதலில் வலிமை. திருவிழாக் கடையில் பலூனுக்கும் பீப்பீக்கும் நடுவே தொங்குகிற பிளாஸ்டிக் துப்பாக்கி சுடுவது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு. எடை சுமார் 0.12 கிராம். நொடிக்கு 40 மீட்டர் வேகம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதன் ஆற்றல் 0.1 ஜூலைத் தாண்டாது. அமெரிக்கச் சிறுவர்களின் டெய்சி வகைத் துப்பாக்கி, பால்ரஸ் போன்ற எஃகுக் குண்டை நொடிக்கு நூறு மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் அனுப்பும்; அது 2 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. (அந்தக் கம்பெனி முதலில் காற்றாலை விற்றது. காற்றாலை வாங்கிய விவசாயிக்குக் கொசுறாகக் கொடுத்த துப்பாக்கி, பிறகு காற்றாலையையே விழுங்கிவிட்டது.) போட்டிகளில் பயன்படும் பெல்லட் ரைஃபிளோ அரை கிராம் ஈயத்தை நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது: ஏழரை ஜூல். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூல் ஆற்றலும் கடக்காத காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. ஆக, பெல்லட் ரைஃபிள் திருவிழாத் துப்பாக்கியைவிட எழுபத்தைந்து மடங்கு வலியது. வலிமை வழக்கு இத்துடன் முடிந்தது. கண்ணைக் கெடுக்க அந்த 0.1 ஜூலே போதும் என்ற இவ்வொரு வாக்கியத்தில் மட்டும் கட்டுரையாளர் விளையாடவில்லை.

துல்லியம் அப்படி எளிதில் முடிவதன்று. நூல்களின் கூற்று தெளிவானது. பிபி துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. எனவே அது குழலுக்குள் இப்படியும் அப்படியும் இடித்துக்கொண்டே போய், கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்ற திசையில் வெளியேறும். பெல்லட்டுக்கு இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். காற்றின் அழுத்தத்தில் அந்த ஈயப் பாவாடை விரிந்து குழலின் சுருள் வரிகளைப் பற்றிக்கொள்ள, பெல்லட் சுழன்றபடி நேரே செல்லும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் வென்றதும் இந்தப் பாவாடையால்தான். இவையெல்லாம் உண்மை, எனினும் பயனற்ற உண்மை. துல்லியம் துப்பாக்கியில் இருக்கிறது என்ற அடிப்படைப் பிழையின்மேல் எழுப்பப்பட்டவை இவை. துல்லியம் இருக்குமிடம் பலூன் தட்டி என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் பொருட்காட்சிகளிலும் உள்ள பலூன் கடையைக் கருதுக. அங்குள்ள துப்பாக்கி குலத்தால் ஏர்கன்தான். ஆனால் உப்புக்காற்றும் ஓயாத சூடும் குழலின் வரிகளைத் தேய்த்திருக்கும். முன்குறி ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதாவது பெல்லட் ரைஃபிளாகப் பிறந்து பிபி துப்பாக்கியாக வாழ்கிற கருவி அது. இருந்தும் அங்கே பலூன்கள் வெடிக்கின்றன. எப்படி? கணக்கிடுக. பத்து மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு அரை மி.மீ.; ஊதிய பலூனின் குறுக்களவைப் பத்து செ.மீ. என்று கொண்டால், பரப்பில் அது ஒலிம்பிக் புள்ளியைப் போல் 40,000 மடங்கு. அப்படிப்பட்ட பலூன்கள் இடைவெளியின்றி வரிசை வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மூன்றாம் வரிசைச் சிவப்பைக் குறிபார்த்தவர் நான்காம் வரிசைப் பச்சையை வெடிக்கிறார். வெடித்த கணத்திலேயே குறி பச்சைக்கு மாறிவிடுகிறது. ‘வெடித்த பலூனே குறிபார்த்த பலூன்’ என்பது இத்துறையின் முதல் விதி (வாய்மொழி, கடைக்காரர்). ‘அவர் பச்சையைத்தான் பார்த்தார், நான் பார்த்தேன்’ என்று உடன் வந்தவர் சொல்வது இரண்டாம் விதி (கடைக்காரரின் மைத்துனர், மீதிச் சில்லறை தரும்போது). உடன் வந்தவர் மனைவியாயின் இரண்டாம் விதி செல்லாது என்பது புறனடை (மைத்துனர் சொன்னதாகச் சுண்டல்காரர், பாடபேதம்: சோளம் சுடுபவர், அலைச் சத்தத்தில் பின்பாதி சிதைவு, சிதைந்த பகுதியே சிறந்தது என்பது பஜ்ஜிக்கடை உரை, கடைசித் தட்டு, சட்னிக் கறைக்குக் கீழ்).

மறுப்புகள் வரும். முன்குறி சாய்ந்திருப்பதால் துப்பாக்கி மீதே குற்றம் என்பார் ஒரு சாரார். குண்டுகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிழைக்குமானால், அந்தப் பிழையை அறிந்து சற்றுத் தள்ளிக் குறிவைத்தால் தீர்ந்தது. சாய்ந்த குறி தவறுவதில்லை, மாறி மாறிச் சாய்கிற குறிதான் தவறும். இரண்டாம் மறுப்பு கடுமையானது. இரவு பத்து மணிக்குமேல் தட்டியில் நாலைந்து பலூன்களே மிஞ்சியிருக்கையில், சுடுபவர்கள் வரிசையாகத் தோற்கிறார்களே? இது மறுப்பே அன்று, நிரூபணம். துப்பாக்கி அதேதான், ரவை அதேதான், சில சமயம் ஆளும் அதே ஆள்தான். குறைந்தது பலூன் மட்டும். பலூனோடு துல்லியமும் குறைந்ததென்றால் அது இத்தனை நேரம் எங்கே இருந்தது? இளவேனிலுக்கும் பிந்த்ராவுக்கும் பக்கத்துப் பலூன் என்ற வசதி இல்லாததால்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்ய நேர்ந்தது. செம்பாக்கத்துச் சிறுவனுக்கு அந்தத் துன்பம் இல்லை. படிக்கட்டு நிறைய நண்பர்கள் நின்றால் பிளாஸ்டிக் துப்பாக்கியும் யார் மேலாவது படும்.

காற்றால் எறிவது தமிழர் கலையே, ஆகவே ஆய்வு ஊதுகுழலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது மூன்றாம் மறுப்பு. ஜேம்ஸ் ஹார்னெல் 1924-இலேயே தென்னிந்திய ஊதுகுழல்கள், வளரிகள் பற்றி எழுதிவிட்டார். இங்குள்ள கடற்கரை மேற்கோள்கள் எதையும் கேள்வி கேட்காதவர்கள் இந்த ஒன்றைத்தான் சரிபார்ப்பார்கள். ஆனால் இம்மறுப்பை எழுப்புவோருக்கு இக்கோட்பாடு புதிதாக இருக்க வாய்ப்பில்லை. ஓட்டுத்துண்டில் இரண்டு கீறலைக் கண்டதும் சுட்டுவிட்டு, குண்டு போய் விழுந்த நூற்றாண்டே தாம் முதலிலிருந்து குறிபார்த்த நூற்றாண்டு என்று கருத்தரங்கில் அறிவிப்பது அவர்களுக்குக் கைவந்த முறை. மேடையில் இரண்டாம் விதியைச் சொல்ல அணிந்துரை எழுதியவர் இருப்பார். நூற்றாண்டுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருப்பதால் ஏதாவதொன்று வெடித்தே தீரும்.

எனவே வலிமையில் முதலிடம் பெல்லட் ரைஃபிளுக்கு, துல்லியத்தில் முதலிடம் தட்டிக்கு. பிபி துப்பாக்கிக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சீப்பு. பலூன்கள் முழுதாக நிறைந்த தட்டியைக் குறிபார்த்து, தட்டிக்கே வெளியே சுட்டவர்கள் யாரேனும் இருந்தால் இக்கோட்பாடு உடையும். அத்தகையோர் தக்க சாட்சியுடன் எழுதி அறிவிக்கலாம். சாட்சி மனைவியாக இருப்பது விரும்பத்தக்கது.