தாலி கட்டும் படத்தில் தலைவர் யார்? ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

போட்டோ எடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் முதல் அதிகாரத்திலேயே ஓர் ஆணை இருக்கும். படத்துக்கு ஒரு மையப்பொருள் வேண்டும். அது ஒன்றாகவே இருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் அது எதுவென்று விளங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடங்கி நிற்க வேண்டும். இந்த ஆணையைப் பிறப்பித்தவர்களில் ஒருவர்கூட நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கெட்டி மேளத்தின்போது நின்றவர் அல்லர் என்பது இவ்வாய்வின் முதல் துணிபு. அடங்கி நிற்கச் சம்மதிக்கும் பெரியப்பா ஒருவரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை.

ஆய்வுக்கு மூலமாகக் கொள்ளப்பட்டவை கரிஷ்மா எனப்படும் கல்யாண ஆல்பங்கள். "காபி வர்ற வரைக்கும் பாத்துட்டிருங்க" என்று மடியில் வைக்கப்பட்டு, காபி வந்து, ஆறி, டம்ளரும் கழுவப்பட்ட பின்னும் பாதியில் நிற்பவை. அவற்றுள்ளும் தாலி கட்டும் படமே முதன்மை ஆதாரம். அவுட்டோர் ஷூட்டில் மணமக்கள் தென்னந்தோப்பில் ஒருவரையொருவர் தேடும் படங்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. அங்கே உறவினர் இல்லை; ஆதலால் ஆய்வுக்கும் வேலை இல்லை.

களத்தை வரையறுத்துக்கொள்வோம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார். யாரோ ஒருவர் கையை உயர்த்தி ஆட்டுகிறார், தவில் இடிக்கிறது. மணமகன் குனிகிறான், நாத்தனார் மூன்றாம் முடிச்சுக்குத் தயாராகிறார், அட்சதை பறக்கிறது. அந்த நொடிவரை கீழே நாற்காலியில் அமர்ந்து டிபன் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்கள், எப்படி ஏறினார்கள் என்று எவரும் காணாத வகையில், மேடைமேல் இருக்கிறார்கள். ஸ்டூலில் நிற்கும் போட்டோகிராபர் கத்துகிறார்: "மாமா, கொஞ்சம் உக்காருங்க! அக்கா, போனை இறக்குங்க! அண்ணே, மாப்பிள்ளை மறைக்குது!" மாப்பிள்ளையை மறைப்பவர் மாப்பிள்ளைதான் மறைக்கிறார் என்று எண்ணித் திரும்பிப் பார்க்கிறார். படத்தில் அவர் முகம் மட்டும் மிகத் துல்லியமாக விழுகிறது.

இந்நிகழ்வை மேல்நாட்டு இலக்கணத்தால் விளக்க முடியாது. நம் கையில் இருப்பதைக் கொண்டு பார்க்கலாம். தொல்காப்பியர் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை முதலியன கரு. மாந்தர்க்குரிய ஒழுக்கம் உரி. கல்யாண மண்டபம் எத்திணை எனின், மருதம் என்க. மருதத்தின் சிறுபொழுது வைகறை. முகூர்த்தமும் பெரும்பாலும் விடிந்தும் விடியாத பொழுதில்தான் அமைகிறது. தெய்வம், மஞ்சளில் பிடித்த பிள்ளையார். உணவு, பொங்கல் வடை. பறை, தவில். புள், தலைக்குமேல் இரைந்து பறக்கும் ட்ரோன். மருதத்தின் உரிப்பொருளோ ஊடலும் ஊடல் நிமித்தமும். ஊடல் தலைவன் தலைவிக்கு மட்டுமே உரியது என்று தடை எழுப்புவாரும் உளர்; அவர்கள் சம்பந்தி வீட்டார் ஆல்பம் பார்ப்பதைப் பார்த்திராதவர்கள். "எங்க பக்கத்து ஆளுங்களை ஒரு போட்டோவாவது உருப்படியா எடுத்தானா?" என்பது மண்டபத்து ஊடல். முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தது என்பது அகப்பாட்டின் முறை. உரி மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லாவிட்டாலும் பாட்டு நிற்கும். அவ்வாறே தாலி தெரியாமல் போகலாம், மணமகன்கூடத் தெரியாமல் போகலாம். ஊடலுக்கு இடமிருந்தால் அது முழுமையான கல்யாணப் படம்.

இனி வரலாறு. 1838-ல் பாரிஸில் லூயி டாகுர் சன்னலோரம் தம் பெட்டியை வைத்து ஒரு வீதியைப் படமெடுத்தார். வண்டியும் ஜனமுமாக இரைந்துகொண்டிருந்த வீதி அது. வெளிச்சம் தகட்டில் பதியப் பல நிமிடங்கள் ஆனதால் நடமாடிய எதுவும் பதியவில்லை. வீதி வெறிச்சோடிக் கிடந்தது. ஓர் ஓரத்தில் ஒருவர் காலை நீட்டிப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பதிந்துவிட்டார். போட்டோவில் விழுந்த முதல் மனிதர் என்று இன்றும் அவரைத்தான் காட்டுகிறார்கள், பெயர்கூடத் தெரியாது. அன்றே தீர்மானமாகிவிட்ட சட்டம் இது: அசையாதவனே படத்துக்கு உரியவன்.

நம் மேடையில் அசையாதவர் யார்? மணமகன் அல்லன், ஓமப்புகை அவன் கண்ணில், மாலையின் நார் அவன் கழுத்தில். மணமகளும் அல்லள்; அவளுக்குப் பின்னால் யாரோ ஜடையைச் சரிசெய்தபடியே இருக்கிறார்கள். அசையாதவரைக் காண ரிசப்ஷன் வரிசைக்குப் போக வேண்டும். மொய்க் கவர் கொடுப்பவரே அவர். கவரின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை மாப்பிள்ளை கையில். இருவரும் கவரைப் பார்ப்பதில்லை, ஒருவரையொருவரும் பார்ப்பதில்லை, காமிராவைப் பார்க்கிறார்கள். பிளாஷ் அடிக்கும் வரையில் கொடுத்தவர் கொடுத்தவராகவும் வாங்கியவர் வாங்கியவராகவும் உறைந்திருப்பார்கள். லைட் சரியில்லை என்று போட்டோகிராபர் சைகை காட்டினால் கவர் திரும்பிப் போய் மறுபடி கொடுக்கப்படும். மையப்பொருள் இவ்வளவு தெளிவாக அமைந்த படம் நம்மிடம் வேறில்லை. ஆனால் மையம் மணமக்கள் அல்லர், கவர்.

நம் நாட்டுக் கோயில்களைப் படமெடுத்த முன்னோடிகளில் ஒருவரான லினேயஸ் டிரைப் இந்தத் தொல்லைகளை அறியாதவர். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக 1858-ல் தஞ்சாவூரிலும் மதுரையிலும் அவர் எடுத்த படங்களில் கோபுரம் கோபுரமாகவும் தெப்பக்குளம் தெப்பக்குளமாகவும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஆளே இல்லை. அவருடைய கலைத்திறனைப் பலரும் வியக்கிறார்கள், வியக்கட்டும். கோபுரத்துக்கு மைத்துனர் கிடையாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மையத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். படத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் முக்கியமானதை வை என்கிறது இன்றைய விதி. மூன்றிலொரு பங்கு என்ற பேச்சை 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், கிராமப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய நூலொன்றில் தொடங்கிவைத்தார். கேண்டிட் எடுக்க வரும் இளைஞர்கள் இதை வேதமாகக் கொண்டவர்கள். மணமக்களை ஓரத்தில் நிறுத்தி, மீதி இரண்டு பங்கில் தூணையும் வெளிச்சத்தையும் நிரப்புவார்கள். ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்பாள்: "ஏன்டா, பிள்ளையை இப்படி ஓரங்கட்டி வெச்சிருக்கான்? பணம் பாக்கியா?"

பாட்டியின் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. அதன்பின் ஒரு மரபு நிற்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் மூலவர் நடுவில், பெரிதாக. அடியவர்களும் சாமரம் வீசுவோரும் ஓரத்தில், சிறிதாக. யார் முக்கியம் என்ற கேள்வியை அளவிலேயே முடித்துவிடுகிறான் ஓவியன். காமிராவுக்கு இந்த மரியாதை தெரியாது. அருகில் இருப்பது பெரிது, தொலைவில் இருப்பது சிறிது, அவ்வளவுதான் அதன் அறிவு. லென்ஸுக்கு முன்னால் ஓடிவந்த மூன்று வயதுக் குழந்தை மூலவராகிவிடுகிறது. மாப்பிள்ளை அதன் காதருகே சாமரம் வீசுபவன்போல் தெரிகிறான்.

மரபு முழுவதும் பாட்டி கட்சிதானா எனின், அன்று. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்துக்கு மையப்பொருள் எது? அர்ச்சுனன் தபசு என்கிறது ஒரு கட்சி. பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்கிறது மறு கட்சி. அறிஞர்களின் வழக்கு இன்னும் நடக்கிறது. நடுவில் பாறைப் பிளவு, அளவில் யாரையும் மிஞ்சிய யானைகள், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். வந்து பார்க்கும் ஜனமோ கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பின்னங்கால்களில் நின்று தவமிருக்கும் பூனையையும் அதைச் சுற்றிய எலிகளையும் கண்டுபிடித்துக் குழந்தைக்குக் காட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போகிறது. பல்லவச் சிற்பி அறியாமல் செய்தானா? கூட்டத்தில் ஒரு பூனை வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கல்யாண ஆல்பத்தில் ஜரிகை வேட்டியின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பையன் இந்த மரபில் வந்தவன்.

மையத்தைப் பிரித்துக் காட்ட மற்றதை மங்கலாக்கலாமே என்பர் தொழில்நுட்பக் கட்சியார். லென்ஸின் துளையை அகலத் திறந்தால் துல்லியம் விழும் ஆழம் குறுகும். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் ஆழமே துல்லியமாகும். மணமகளின் மூக்கிலிருந்து காதுக்கு உள்ள தூரம் இதைவிட அதிகம். ஆகவே மூக்குத்தி ஜொலிக்கும், ஜிமிக்கி மங்கும். மூக்குத்தி மாப்பிள்ளை வீட்டார் போட்டது, ஜிமிக்கி பெண் வீட்டார் போட்டது என்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசைச் சித்தப்பா மங்கலானாலோ, அடுத்த விசேஷத்துக்கு அவர் வருவதில்லை. இதையெல்லாம் அறிந்த பழைய ஸ்டூடியோக்காரர்கள் துளையை எஃப் 8-க்குச் சுருக்கி, பிளாஷைக் கூட்டி, முன்வரிசை முதல் பின்சுவர் வரை எல்லாரையும் ஒரே துல்லியத்தில் எடுத்தார்கள். அதை ரசனைக் குறைவு என்பவர்கள் குடும்ப நிர்வாகம் செய்து பழகாதவர்கள்.

2016-ல் ஐபோன் 7 பிளஸ் போர்ட்ரெய்ட் மோடு என்று ஒன்றைக் கொண்டுவந்து, மங்கலாக்கும் வேலையைக் கணக்குப் போட்டே செய்யத் தொடங்கியது. தலைமயிரின் ஓரத்தில் இந்தக் கணக்கு அடிக்கடி இடறும். தொங்கும் மல்லிகைச் சரத்தைச் சுவர் என்று எடுத்துக்கொண்டு கரைத்துவிடும். முழம் என்ன விலை என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதுவரை மையப்பொருளைப் படத்துக்குள் தேடினோம். அது அங்கே இல்லை என்பதே இவ்வாய்வின் முடிபு. ஆல்பிரட் யார்பஸ் என்ற சோவியத் அறிஞர், கண்ணசைவைப் பதியும் கருவியை வைத்து, ஒருவரை ரேபின் வரைந்த ஓவியமொன்றைப் பார்க்கச் செய்தார். எதிர்பாராமல் வீடு திரும்பிய ஒருவனைக் குடும்பம் ஏறிட்டுப் பார்க்கும் காட்சி அது. இவர்கள் வசதியானவர்களா என்று கேட்டபோது கண் ஒரு வழி போனது; ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று கேட்டபோது முகம் முகமாகத் தாவியது. ஓவியம் ஒன்றே, கேள்வி மாறியது, பாதையும் மாறியது. 1967-ல் ஆங்கிலத்தில் வந்த அவர் நூலில் இந்தக் கண்தடங்களைக் கோடுகளாகவே காணலாம். யார்பஸுக்குக் கருவி தேவைப்பட்டது. நமக்கு அத்தை போதும். ஆல்பத்தின் பக்கம் திரும்பியதும் அவள் கண் மணமக்களைத் தொடாமல் மூன்றாம் வரிசை இடது ஓரத்தில் போய் நிற்கும். அங்கே அவள் இருக்கிறாள். அடுத்து, பக்கத்தில் நிற்பவளின் புடவை. அடுத்து, வந்திருக்க வேண்டியவர் எவர் வரவில்லை. இந்த மூன்றாம் தேடல் யார்பஸுக்கே தோன்றாதது: படத்தில் இல்லாத ஒருவரை மையப்பொருளாக்கி அரை மணி நேரம் பார்ப்பது. மணமக்களை மட்டும் பார்ப்பவர்கள் மணமக்கள். அவர்களும் தத்தம் முகத்தையே பார்க்கிறார்கள்.

தீராத வழக்கு ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். ஓர் ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தின் குறுக்கே, சரியாக முடிச்சின்மேல், ஒரு முழங்கை. வளையல் இல்லாததால் அத்தைகள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். முழுக்கை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை என்பதால் சந்தேகம் இரண்டு தாய்மாமன்கள்மேல் விழுந்தது. வழக்கத்துக்கு மாறாக இருவருமே அது தன் கைதான் என்று உரிமை கோருகிறார்கள். மாப்பிள்ளைக்கு மிக நெருக்கத்தில் நின்றவர் யார் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. வீடியோவைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடியோகாரரோ பாக்கி வந்தால்தான் பென் டிரைவ் என்கிறார். பாக்கியை எந்தப் பக்கத்தார் தருவது என்று பேசி முடிக்க இரு வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள்.