கெர்னலிடம் மட்டும் கேட்டால் போதாது

தொண்ணூறுகளின் இறுதியில், பல வகைக் கணினிகளில் கம்பைலரை நிறுவும் ஷெல் ஸ்கிரிப்டுகளைப் பராமரிப்பது என் வேலை. எந்தக் கணினி என்று அறிய, கெர்னலிடம் கேட்டுச் சொல்லும் ‘யூநேம் -எம்’ போதும். லினக்ஸ் பிசி ‘ஐ686’ என்னும். சன் அல்ட்ரா ‘சன்4யூ’ என்னும். அந்தப் பிசியில் சில்லு, கெர்னல், நிரல்கள் எல்லாமே 32 பிட். கெர்னல் சொன்ன பதில் மற்றவற்றுக்கும் பொருந்தியது. நாலு வரி ‘கேஸ்’ எழுதினால் வேலை முடிந்தது.

இன்று கெர்னல் 64 பிட்டாக இருக்க, அதன்மேல் ஓடும் நிரல்களும் லைப்ரரிகளும் 32 பிட்டாகவே இருக்கலாம். ராஸ்பெரி பையில் இதைப் பார்க்கலாம். யூநேம் ‘ஏஆர்ச்64’ என்கிறது. ஸ்கிரிப்ட் அதை நம்பி 64 பிட் கம்பைலரை இறக்கிவைக்கிறது. ஓட்டினால், அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது ஷெல். ‘எல்எஸ்’ போட்டால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! உண்மையில் அங்கே இல்லாதது, அதை நினைவகத்தில் ஏற்றவேண்டிய 64 பிட் லோடர். பாத்தைத் திருத்துவதும் அனுமதிகளை மாற்றுவதுமாக மாலை முழுவதும் போராடிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்காத ஸ்கிரிப்ட்தான் அவர்களை அலையவிட்டது.

2020இல் ஆப்பிள் எம்1 வந்தபின் மேக்கிலும் இதே கதை. இன்டெல் நிரல்களை ஓட்டித்தரும் ரொசெட்டாவின் கீழ் ஓடும் ஷெல்லில் யூநேம் ‘எக்ஸ்86_64’ என்கிறது. நேரடியாக ஓடினால் ‘ஆர்ம்64’.

பெர் பாத்னர் தொடங்கி, 2000 முதல் பென் எலிஸ்டன் பராமரித்துவரும், கணினி வகையைக் கண்டறியும் ‘கான்ஃபிக்.கெஸ்’ ஸ்கிரிப்டை இப்போது படித்தால் மரியாதை கூடுகிறது. யூநேம் போதாத இடங்களில் அது சி மொழியில் சின்னதொரு துண்டை எழுதிக் கம்பைலரிடம் கொடுத்து, எந்தெந்த மேக்ரோக்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கிறது. ரஸ்ட் மொழியின் நிறுவி ஸ்கிரிப்ட், லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் இஎல்எஃப் தலைப்பில் ஐந்தாவது பைட்டைப் படிக்கிறது: 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64. எவ்வளவு நேர்த்தியான சோதனை!

புதிதாக ஸ்கிரிப்ட் எழுதும் நண்பர்களே, கணினியில் ஜிசிசி ஏற்கெனவே இருந்தால் ‘-டம்ப்மெஷின்’ கொடுத்து அதையே கேளுங்கள். இலக்கைப் பயனரே சொல்வதற்கும் வழி வையுங்கள். அறியாத பதில் வந்தால் எக்ஸ்86 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்ததை அப்படியே திரையில் காட்டி, அங்கேயே நின்றுவிடுங்கள்.