இரண்டு குழாயிலும் தண்ணீர் வரும் ஊர்

சித்தூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் பரீட்சை முடியும்வரை யாரும் உரக்கச் சிரிப்பதில்லை. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன் என்ற ரகசியம் எதிர்வீட்டுக்குத் தெரிந்துபோனதால், சாயங்காலமானால் அந்த வீட்டுப் பெண் நோட்டோடு என் திண்ணைக்கு வந்துவிடுகிறாள்.

இருபடிச் சமன்பாட்டில் ஒரு குழாய்க் கணக்கு. இரண்டு குழாயும் சேர்ந்தால் 9 மணி 22½ நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடுமாம். பெரிய குழாய்க்குச் சின்னதைவிடப் பத்து மணி நேரம் குறைவாகப் போதுமாம். தனித்தனியே எத்தனை மணி?

"ஏன் மாமா, ரெண்டு குழாய்லயும் தண்ணி வருதே, இது எந்த ஊர்ல?"

தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டால் குடத்தோடு ஓடி வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்கும்? போட்டுப் பார்த்தோம். சின்னக் குழாய்க்கு இரண்டு விடை வந்தது: 25 மணி, இல்லையென்றால் மூணேமுக்கால் மணி. இரண்டாவதை எடுத்தால் பெரிய குழாய்க்கு மைனஸ் ஆறேகால் மணி ஆகிறது. 'பொருந்தாது' என்று எழுதி அடித்துவிட வேண்டும், அதுதான் முறை. அவள் அடிக்க மாட்டேன் என்றாள். நம்ம ஊருக்கு அதுதான் பொருந்தும், தொட்டியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிற குழாய் அது என்பது அவள் கட்சி. மார்க் போகுமே என்று அடிக்க வைத்தேன்.

ரயில் கணக்கில் வண்டி சீரான வேகத்தில் போகிறது. காட்பாடியில் ஏறி சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

முக்கோணவியல் பக்கம் போனால் கோபுரம். 60 பாகைக் கோணத்தில் உச்சியைப் பார்க்கிறவர் 30 பாகை ஆகும்வரை பின்னாலேயே நடக்கிறார். அதாவது தூரம் மூன்று மடங்காக வேண்டும். திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி அப்படிப் பின்னால் நடந்தால் பூக்கூடை, பாத்திரக்கடை, புதிதாக மொட்டை அடித்த குடும்பம் என்று வரிசையாக மோதி, திட்டு வாங்கி, கோணம் 45-ஐத் தொடுவதற்குள் ஆள் காணாமல் போயிருப்பார்.

பழைய கணக்குகள் இவ்வளவு வறட்சியாக இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் மகாவீராசாரியர் எழுதிய 'கணித சார சங்கிரகம்' நூலில், காதலர் ஊடலில் முத்துமாலை அறுந்து சிதறுகிறது. முத்து எத்தனை என்று நாம் எண்ண வேண்டும். 11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா இந்த நூலைத் தெலுங்கில் பாடினார். 1912-ல் சென்னையில் ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். காதலர் சண்டைக்கு நாம் ஏன் முத்துப் பொறுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் தூக்கம் வராது.

இதே பெண் திருமலை லட்டுக் கணக்கில் புலி. ஆளுக்கு ஒன்று இலவசம், மேற்கொண்டு ஒன்றுக்கு 50 ரூபாய். சொந்தக்காரர்கள் பட்டியலைச் சொன்னால் போதும், கவுன்ட்டரில் கட்ட வேண்டிய பணத்தை நின்ற இடத்தில் சொல்லிவிடுவாள். அது ஒருபடிச் சமன்பாடு என்று நான் சொன்ன பிறகுதான் திணறுகிறாள்.

ஆகவே பாடநூல் எழுதும் பெரியோர்களே, அடுத்த பதிப்பில் குழாயை மூடிவிட்டு மாங்காயைப் போடுங்கள். 2025-ல் தோத்தாபுரி விலை விழுந்தபோது கிலோவுக்குக் கூழ் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் தரும் என்று அறிவித்தார்கள். எக்ஸ் கிலோ விற்றவருக்குக் கைக்கு வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். அந்த 8 மாறிலியா, மாறியா என்பதை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் சொல்வார்கள்.