கழுவியல்: பிலிம் சுருளும் எச்சில் பாத்திரமும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

பிலிமில் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் தங்களை ஒளிப்படக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்வது வழக்கமாக இருந்துவருகிறது. அவ்வழக்கு பிழையானது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கு எளியது. ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 125இல் ஒரு பங்கு எனக் கொண்டால், 36 படம் கொண்ட சுருள் முழுவதற்கும் சேர்த்து அரை நொடிகூட ஆவதில்லை. அதே சுருளை இருட்டில் ஏற்றி, மருந்தில் குலுக்கி, அலசி, கொடியில் காயப்போட ஒரு முழு மாலை போய்விடுகிறது. அரை நொடி செய்த வேலையை வைத்து ஒருவருக்குப் பட்டம் சூட்டுவது முறையா, மாலை முழுதும் செய்த வேலையை வைத்தா? இரண்டாவதே முறை. ஆகவே இவர்கள் கலைஞர்கள் அல்லர், கழுவுநர்கள் என்பது பெறப்படும்.

இவ்வுண்மையை முதலில் கண்டவர் இக்கட்டுரையாளர் அல்லர், அவருடைய துணைவியார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆய்வாளர் குளியலறையில் முக்காலி போட்டு அமர்ந்து, கையில் பிலிம் கழுவும் டாங்கும் எதிரில் கடிகாரமுமாக இருந்தபோது, கதவுக்கு வெளியிலிருந்து ஒரு வினா எழுந்தது: "ஏங்க, கல்யாணமாகி பத்தொம்பது வருஷத்துல ஒரு டம்ளரையாவது இவ்வளவு அக்கறையா கழுவியிருக்கீங்களா?" விடை ஏதும் கைவசம் இல்லாத நிலையில், ஆய்வில் இறங்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

ஆய்வு எல்லை

சென்னையில் ஒரு குளியலறை, சித்தப்பா வழியில் வந்த ஒரு பென்டாக்ஸ் கே1000, கறுப்பு வெள்ளை பிலிம் ஆகியவற்றோடு இவ்வாய்வு நின்றுகொள்கிறது. வண்ண பிலிமுக்குரிய டெவலப்பர் 37.8 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டி அந்தச் சூட்டைக் கட்டணமின்றியே வழங்கிவிடுவதால், அதில் ஆராய்வதற்குரிய சிக்கல் ஏதும் காணப்படவில்லை.

சொல்லாராய்ச்சி

ஆங்கிலேயர் இத்தொழிலை 'டெவலப்' என்றனர். படம் ஏதோ செடி போல வளர்கிறது என்று எண்ணினர் போலும். தமிழர் அவ்வாறு மயங்கவில்லை. "ரோலைக் கழுவக் குடுத்திருக்கேன்", "கல்யாணப் படம் கழுவி வந்தாச்சா?" என்றே ஸ்டூடியோ வாசல்களில் பேசினர். பொதுமக்களின் இப்பேச்சு கலைச்சொல் அறிஞர்களுக்கு உவப்பாக இல்லை. அவர்கள் முயன்று 'உருத்துலக்கல்' என்றொரு தூய சொல்லை ஆக்கினர். துலக்குதல் என்பது சாம்பலும் புளியும் போட்டுப் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்ப்பது. எவ்வளவு தொலைவு ஓடியும் கொல்லைப்புறத்துத் துலக்கும் கல்லைத் தாண்ட முடியவில்லை என்பதே இதனால் அறியப்படுவது.

'கழுவு' என்னும் வினையடியாகப் பிறந்த 'கழுவாய்' என்னும் சொல் பாவத்துக்குப் பரிகாரத்தைக் குறிக்கும். இதுவும் இத்துறைக்குரியதே. வெளிச்சம் போதாமல் எடுத்துவிட்ட சுருளை டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவைத்துத் தேற்றும் முறையொன்று உண்டு. நிழலில் பதியாமல் போனது அதனால் திரும்பி வருவதில்லை; பதிந்தது மட்டும் சற்று முரட்டுத்தனமாகத் தெரியும். எல்லாப் பரிகாரங்களின் இயல்பும் இதுதான்.

'கழுவேற்றம்' வேறு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது என்பர் மொழியறிஞர். கும்மிருட்டில் பிலிமை ரீலில் ஏற்றிய அனுபவம் அவர்களுக்கு இல்லை.

வரலாறு

கழுவியலின் தந்தை ஜான் ஹெர்ஷல் என்னும் வானியலாளர். ஹைப்போ என்று ஸ்டூடியோக்காரர்கள் அழைக்கும் உப்பு, வெள்ளி உப்புகளைக் கரைத்துவிடும் என்று அவர் 1819இல் கண்டார். கரைக்க வேண்டிய வெள்ளி உப்பு அப்போது யார் வீட்டிலும் தேங்கிக் கிடக்கவில்லை. இருபதாண்டு கழித்து, 1839இல், ஒளிப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது. படம் பிடித்தவர்களுக்கு அதைச் சரிவர நிறுத்தத் தெரியவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் வெளிச்சம் பட்டு மேலும் கறுத்தது. ஹைப்போவில் கழுவியதும் நின்றது. அதாவது, கழுவும் மருந்து முதலில் வந்துவிட்டது. கழுவுவதற்குரிய பண்டம் இருபதாண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. உலகில் வேறெந்தப் பாத்திரத்துக்கும் இப்பெருமை இல்லை.

நம் நாட்டில் இத்துறைக்குத் தாய்வீடு உதகமண்டலம். 1960இல் அங்கே தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. பிலிமுக்குத் தூசியும் ஆகாது, சூடும் ஆகாது என்பதால் மலைக்காற்று அதற்கு ஏற்றதாக இருந்தது. அந்தக் குளிரில் பிறந்து வளர்ந்த சுருள்களை ஒளிப்பட ஆர்வலர்கள் திருச்சியிலும் வேலூரிலும் சித்திரை மாதத்தில் கழுவினர். ஊட்டிப் பெண்ணை வெயில் ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஏன் வாடுகிறாள் என்று கேட்பதைப் போன்றது இது. இப்போது அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. பெண்ணுக்குத் தாய்வீடும் இல்லை.

கருத்தியல் அடிப்படை

கழுவுவதற்கு முன் அழுக்கு இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. பிலிம் இவ்விதியை மீறுகிறது. வெளிச்சம் பட்ட பிலிமை எந்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாலும் படம் தெரியாது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்புத் துகள் ஒவ்வொன்றிலும் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடி நிற்பதுதான் அங்கே நடந்திருப்பது. எப்படிக் கூடுகின்றன என்பதை 1938இல் கர்னி, மோட் என்ற இருவர் விளக்கினர். அந்த நான்கைந்து அணுக்களை அடையாளம் வைத்துக்கொண்டு டெவலப்பர் உள்ளே நுழைந்து, துகள் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக்கிவிடுகிறது. கோடிக்கணக்கான மடங்கு பெருக்கல். நான்கு பேர் நின்று பேசியதை ஊர்க் கலவரமாக்குவது நம் தெருக்களுக்கும் புதிதன்று என்பதால் இதனை மேலும் விளக்கவில்லை.

ஆக, மற்றக் கழுவல்கள் கறுப்பைப் போக்குகின்றன. இக்கழுவல் கறுப்பை உண்டாக்குகிறது. அடிப்படையில் எதிரெதிராக நிற்கும் இரு துறைகளை ஒப்பிடலாமா என்ற ஐயம் எழக்கூடும். அதற்கு விடை அடுத்துவரும் பகுதியில் உள்ளது.

கருப்பொருள்கள்

பிலிம் கழுவத் தேவையானவற்றைப் பட்டியலிட்டு ஆராய்ந்தபோது, அவற்றில் பாதி சமையலறையிலும் எஞ்சியவற்றுள் சில முடிதிருத்தகத்திலும் கிடைப்பது தெரியவந்தது.

டெவலப்பரின் வேலையைச் சட்டென்று நிறுத்துவதற்கு நீர்த்த அசிட்டிக் அமிலம் வேண்டும். ஊறுகாய் அலமாரியில் இருக்கும் வினிகர் அதுவே. சூட்டில் இளகிப்போகும் பிலிமின் மேல்பூச்சைக் கெட்டிப்படுத்தப் பழைய ஹைப்போக் கரைசல்களில் சேர்த்தது படிகாரம். சவரத்தின்போது கன்னத்தில் கத்தி பட்டால் தடவும் அதே படிகாரம்.

அந்த மேல்பூச்சு, மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இச்செய்தி ஆய்வாளரின் தாயாரிடமிருந்து இன்றுவரை மறைக்கப்பட்டுள்ளது. ஆனால் அதன் மறுபாதியை அவரிடம் தயங்காமல் சொல்லலாம். ஒரே முறையில் தயாரித்த பிலிம்களில் சில வெளிச்சத்தைச் சுறுசுறுப்பாக வாங்குவதும் சில மந்தமாக இருப்பதும் ஏன் என்று நெடுநாள் எவருக்கும் விளங்கவில்லை. கோடாக் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷெப்பர்ட் 1925இல் காரணத்தை வெளியிட்டார்: ஜெலட்டினில் மிகச் சிறு அளவில் கலந்திருந்த கந்தகச் சேர்மம், கடுகெண்ணெயில் காணப்படும் வகையைச் சேர்ந்தது. கடுகுச் செடியை மேய்ந்த மாட்டின் உபயம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதை நம்மவர்கள் சோதனைச்சாலை இல்லாமலே சொல்லிவைத்திருந்தனர்.

காபி பற்றியும் கூற வேண்டும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் 1995இல் இன்ஸ்டன்ட் காபித் தூளையும் சலவைச் சோடாவையும் கரைத்துப் படம் கழுவிக் காட்டினர். கஃபீன் அன்று, கஃபெயிக் அமிலமே இதில் வேலை செய்கிறது. ஆகவே மணமும் குணமும் பார்க்க வேண்டியதில்லை. மலிவான தூளே சிறப்பு. இக்கரைசல் எழுப்பும் நாற்றத்தை இக்கட்டுரையின் மொழிநடை தாங்காது. கும்பகோணம் டிகிரி காபியில் இதனைச் செய்துபார்க்க ஆய்வாளர் அனுமதி கோரினார். தாயாரின் பதில்: "ஏண்டா, குடிக்கிற டிகாக்‌ஷனை எடுத்துக் கக்கூஸ்ல ஊத்துவியா?" ஆய்வு நெறிக்குழுவின் தீர்ப்பாக இது ஏற்கப்பட்டது.

வெப்பநிலைச் சிக்கல்

நூல்கள் அனைத்தும் டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்கின்றன. அந்நூல்களை எழுதியவர்களின் குழாயில் அத்தகைய நீர் வந்தது. சூடு கூடினால் நேரத்தைக் குறைக்கலாம் என்றும் சொல்லப்பட்டுள்ளது. ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சீராகப் படியாமல் படம் திட்டுத்திட்டாகும். எனவே ஐஸ் வேண்டும். ஐஸ் கட்டியை நேரே மருந்தில் போட்டால் மருந்து நீர்த்துவிடும் என்பதால், பாட்டிலை ஐஸ் நீர் நிரம்பிய வாளியில் நிறுத்தி, தெர்மாமீட்டரைச் செருகி, காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டில் அமர்ந்ததுபோல் இறங்குமுகம் பார்த்துக் காத்திருக்க வேண்டியுள்ளது. அந்த ஐஸ் தட்டு ரஸ்னா கலக்குவதற்காக வைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

செய்முறை

இருட்டறையாகக் குளியலறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. கதவிடுக்கில் துண்டு, ஜன்னலில் போர்வை. காலடியில் கொசுவத்தி இல்லை. அதன் கங்கும் வெளிச்சமே. மின்வெட்டு நேரம் இதற்கு மிகவும் உகந்தது. வீடும் தெருவும் முழுக்க இருட்டறையாகிவிடும் அப்பொழுதில் முகம் மலரும் ஒரே குடிமகன் பிலிம்காரன்தான்.

ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள பிலிமை, கண் தெரியாமல், பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்தில் நுழைத்து, இரு கைகளாலும் முன்னும் பின்னும் திருகி உள்ளே அனுப்ப வேண்டும். முதல் இரண்டடி வெண்ணெயாகப் போகும். அதற்குள் நெற்றியில் வியர்வை அரும்பும், விரல் ஈரமாகும், ஈரம் பட்ட பூச்சு பிசுபிசுக்கும். 'கடக்' என்றொரு ஒலி. அதற்கு மேல் நகராது. பின்னுக்கு இழுத்தால் மொத்தமும் கையோடு வந்து, மடியில் நெளிந்து, வாளிக்குள் எட்டிப்பார்க்கும். கழுவுற மீனில் நழுவுற மீன் என்ற சொலவடையை ஆக்கியவர் பிலிம் கழுவியவராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்நேரத்தில் தோன்றும்.

ஒருவழியாக ஏறிய ரீலை டாங்கில் வைத்து மூடி போட்டபின் விளக்கைப் போடலாம். டெவலப்பரில் முதல் அரை நிமிடம் இடைவிடாமல் குலுக்கல். பிறகு ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் ஐந்து நொடி. அடுத்து வினிகர், அதன்பின் ஹைப்போ. இறுதியாக அலசல். ஓடும் குழாயின் கீழ் அரை மணி நேரம் வைக்கும் பழைய முறை 2019ஆம் ஆண்டுக் கோடையைக் கண்ட சென்னைவாசிக்கு ஒவ்வாது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிய ஊரில் அதைச் செய்தால் அக்கம்பக்கத்தார் மன்னிக்கமாட்டார்கள். இல்ஃபோர்டு நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில் மூன்று முறை நீர் நிரப்பினால் போதும்: முதலில் 5 முறை கவிழ்த்து நிமிர்த்து, அடுத்து 10, பிறகு 20. ஒரு சுருளுக்கு மொத்தம் ஒரு லிட்டர்கூட ஆவதில்லை. இதே சிக்கனத்தை வீட்டுப் பெண்கள் எந்த நிறுவனத்தின் பரிந்துரையும் இன்றிக் கடைப்பிடித்துவந்துள்ளனர்.

போர்வெல் நீரின் உப்புத்திட்டு பிலிமில் நின்றுவிடாதிருக்க, கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரும் அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்க்கப்பட்டன. இவ்வொரு சொட்டே இவ்வாய்வின் தலையாய சான்றாகும். இரு துறைகளும் ஈற்றில் ஒரே சீசாவில் சங்கமிக்கின்றன.

தரவுகள்

கொடியில் துணிக்கிளிப் போட்டுக் காயவைத்த சுருள் ஒன்றின் கணக்கு வருமாறு. லோடு செய்தபின் சுற்றிப்பார்க்கத் தட்டிய தரையும் செருப்பும்: 2. கபாலீசுவரர் கோயில் கோபுரம், ஒரே கோணத்தில்: 9. காக்கை பறந்துபோன மதில்: 7. கை நடுங்கியவை: 6. ரீலில் ஒட்டிக்கொண்டதால் மருந்து படாத திட்டு விழுந்தவை: 5. காரணம் விளங்காத இருட்டு: 4. ஆக 33.

எஞ்சிய மூன்றும் 'ரோலை முடிக்க' எடுத்தவை. இம்மரபு ஆய்வுலகின் கவனத்தைப் பெறாதது. கல்யாணத்தில் 33 படம் எடுத்தபின் மூன்று மீந்துவிட்டால், அவை பொங்கல் வரை கேமராவுக்குள்ளேயே கிடக்கும். பொறுமையிழந்த ஒருவர் வாழைமரத்தையும் பூனையையும் எடுத்து முடித்துவைப்பார். ஆய்வாளர் எடுத்தவை: சீலிங் ஃபேன், எதிர்வீட்டு ஸ்கூட்டர், சமையலறைத் தொட்டியடியில் ஜன்னல் வெளிச்சத்தில் பாத்திரம் கழுவும் துணைவியார். கூர்மையாகவும், அளவான வெளிச்சத்தோடும், திட்டின்றியும் அமைந்தது அக்கடைசிப் படம் ஒன்றே.

முடிவுரை

ஈரம் காய்ந்ததும் அந்த நெகட்டிவ் துணைவியாரிடம் மதிப்பீட்டுக்காகச் சமர்ப்பிக்கப்பட்டது. டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து நெடுநேரம் நோக்கியபின் அவர் கூறியது: "நான் பளபளன்னு தேச்சு வெச்ச பாத்திரமெல்லாம் கரி புடிச்சிருக்கு. என் முடி மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கு. இதுக்கா இத்தனை கழுவினீங்க?"

நெகட்டிவில் அப்படித்தான் இருக்கும், பிரிண்ட் போட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று விளக்கப்பட்டது. பிரிண்ட் எப்படிப் போடுவது என்று வினவினார். தாளையும் இதே வரிசையில், இதே போன்ற மருந்துகளில் போட்டு... என்று தொடங்கிய விடை பாதியிலேயே நின்றுவிட்டது. "அப்ப மறுபடி கழுவணும்" என்று அவரே முடித்துவைத்தார்.

ஒப்பாய்வு என்றால் இருபுறமும் தரவு வேண்டும் என்பது நெறி. எனவே அன்றிரவுப் பாத்திரங்களை ஆய்வாளரே கழுவினார். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட ஊறல், ஐந்து நொடிக் குலுக்கல், மூன்று அலசல். டம்ளர்களில் நீர்த்திட்டு ஒன்றுகூட இல்லை எனத் துணைவியார் சான்றளித்தார். குக்கரின் அடியில் மட்டும் மருந்து படாத திட்டு ஒன்று இருந்தது.