குழாயடிச் சண்டைக்கு ஆள் இல்லை

லண்டனில் வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண வரவேற்பாகட்டும், கோயில் பிரசாத வரிசையாகட்டும், பக்கத்தில் நிற்பவரிடம் "உங்க பாய்லர்ல பிரஷர் எவ்வளவு நிக்குது?" என்று விசாரிப்பார். தன் ரத்த அழுத்தம் அவருக்குத் தெரியாது. பாய்லருடையது தெரியும். முள் 1 பாருக்கும் 1.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரொம்ப இறங்கிவிட்டால் வெந்நீரும் கிடையாது, ரேடியேட்டரும் சுடாது.

ஊரில் இருந்தவரை இவர் குழாயைத் திறந்து மூடியதோடு சரி. வாஷர் தேய்ந்து சொட்டினால் தெருமுனை ஹார்டுவேர்ஸ் கடையில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வருவார். பிளம்பர் வந்தாரா என்பது வேறு விஷயம். "சொல்லியாச்சு" என்று நிம்மதியாக இருக்கலாம்.

இங்கே வந்த முதல் நாளே வாஷ்பேசின் அவரைச் சோதித்துவிடும். இடப்பக்கம் ஒரு குழாய், வலப்பக்கம் ஒரு குழாய். ஒன்றில் கை வெந்துபோகும், இன்னொன்றில் விறைத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே கையை மாற்றி மாற்றி ஓட்டி, சராசரியாக வெதுவெதுப்பு கிடைக்கிறதா என்று பார்த்தே அவருடைய முதல் குளிர்காலம் கழியும். இரண்டாவது குளிர்காலத்தில் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார். அதன் பிறகு நாம் தப்ப முடியாது.

"பழைய வீடுகள்ல பச்சைத் தண்ணி தெருக் குழாயிலேருந்து நேரா வரும் சார், குடிக்கலாம். வெந்நீர் பரண்மேல இருக்கற தொட்டியிலேருந்து இறங்கி வரும். அந்தத் தொட்டிக்குள்ள புறா செத்துக் கிடந்தாலும் யாருக்குத் தெரியும்? ரெண்டும் கலந்து ஊர்த் தண்ணியைக் கெடுத்துடக் கூடாதுன்னு தனித்தனியா வச்சான்." சரி, தொட்டி போய் பாய்லர் வந்த வீட்டிலும் குழாய் ஏன் இரண்டாகவே இருக்கிறது என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சர்ச்சில் வருவார். 1942 ஆகஸ்டில் மாஸ்கோவுக்குப் போன சர்ச்சில், தங்கவைத்த மாளிகையில் சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்து வருவதைக் கண்டு அசந்துபோனார். அத்தனை பெரிய போருக்கு நடுவிலும் அதை மறக்காமல் பிற்பாடு தன் நூலில் எழுதி, வீட்டிலும் அப்படியே வைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். "பிரதம மந்திரிக்கே ஒரு மிக்ஸர் குழாயைப் பார்க்க ஸ்டாலின் வரைக்கும் போகவேண்டியிருந்தது. நான் ஏஜென்சிக்கு மெயில் போட்டா நடந்துடுமா?" என்பார் நம்மவர்.

குளியலறை இன்னொரு கண்டம். தரை மரப்பலகை, சில பழைய வீடுகளில் அதன்மேல் கம்பளமும் உண்டு. தண்ணீர் போவதற்குத் தரையில் ஓட்டை கிடையாது. எல்லாம் தொட்டிக்குள்ளேயே நடந்தாக வேண்டும். இதையெல்லாம் ஊரிலிருந்து வந்த அம்மாவிடம் எடுத்துச் சொல்ல மறந்துவிட்டார். தீபாவளியன்று விடியற்காலையில் அம்மா வாளியும் மக்குமாக உள்ளே போய், தலை நிறைய எண்ணெய் வைத்து, மனம் குளிரக் குளித்துவிட்டு வந்தார். கீழ் வீட்டுக்காரருக்கும் கங்கா ஸ்நானம் ஆகிவிட்டது. அவர் வீட்டுக் கூரையில் படிந்த கறைக்கு, காப்பீட்டுக்காரர்களிடம் விளக்கக் கடிதம் எழுதும்போது "மதச் சடங்கு" என்று போடலாமா என்று நம்மவர் நாலு பேரிடம் யோசனை கேட்டார்.

ஜனவரி உறைபனியில் பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். பாய்லரின் கழிவுநீர் போகும் பிளாஸ்டிக் குழாய் வீட்டுக்கு வெளியே உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்ற வேண்டும். நம்மவர் குரங்குக் குல்லாவும் சால்வையுமாகக் காலை ஏழு மணிக்கு வெளியே நின்று, கெட்டிலைக் கையில் ஏந்திச் சுவரோரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி ஏதோ நம் பண்டிகை என்று நினைத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

சட்டம் அத்துப்படி. வீட்டுக்காரர், குடியிருப்பவர் சட்டம், 1985, பிரிவு 11: தண்ணீர், கழிவு, சூடேற்றும் சாதனங்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்படி வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. நியாயமான காலத்துக்குள் பழுது பார்த்தாக வேண்டும். ஜனவரியில் வெந்நீர் இல்லாதவனுக்கு எது நியாயமான காலம் என்பதில்தான் ஏஜென்சிக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை. ஒவ்வொரு மெயிலுக்கும் புதிதாக ஒருவர் பதில் போடுவார்: முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், விவரத்தை முதலிலிருந்து சொல்ல முடியுமா? சுவரில் பூஞ்சை என்று எழுதினால் மட்டும் பதில் மாறவே மாறாது. சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஹீட்டர் ஓடாத வீட்டில், வெளியே பனி பெய்யும்போது.

இப்படிப்பட்ட நேரங்களில்தான் நம்மவருக்கு மேற்கு மாம்பலம் ஹவுஸ் ஓனர் நினைவு வரும். பத்து மாத அட்வான்ஸ் வாங்கி, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்ட அதே மனிதர். காலையில் ஒரு மணி நேரம்தான் மோட்டார் போடுவார். "விருந்தாளி வந்தா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? டேங்க் காலி!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் நின்று கத்துவார். ஆனால், நின்றார். இவரும் பதிலுக்குக் கத்தினார். "இஷ்டமில்லேன்னா காலி பண்ணுங்கோ" வரைக்கும் போய், சாயங்காலம் அவர் வீட்டு நவராத்திரிச் சுண்டல் இவர் வீட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் இல்லாததைக்கூட மனுஷன் பொறுத்துக்கொள்ளலாம். திட்டுவதற்கு முகம் இல்லாமல் எப்படி இருப்பது? இந்த ஊர் ஓனர் ஸ்பெயினில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் தெரியாது.

ஒருநாள் அந்த ஓனரே வந்துவிட்டார். "நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி மாடிக்குப் போய்க் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நம்மவர் நடுநடுங்கும் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதற்குள் வந்தவர் மன்னிப்புக் கேட்டார். பாய்லரைப் பார்த்து மன்னிப்பு. பூஞ்சையைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு மன்னிப்பு. "அநியாயம். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் எப்போதோ கோர்ட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். வேறு வழியில்லாமல் நம்மவர் அவரைச் சமாதானப்படுத்தத் தொடங்கினார். அப்படியொன்றும் அவசரமில்லை, நாங்கள் பழகிவிட்டோம் என்றார். ஃபில்டர் காபி கொடுத்தார். இன்னொரு டம்ளரும் கொடுத்தார். ஓனர் நான்கைந்து படம் எடுத்துக்கொண்டு, வாசல்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

மனைவி இறங்கி வந்தார். "எப்ப ரிப்பேர் பண்ணித் தராராம்?"

"பாவம், அவரே அங்க வாடகை வீட்டுலதான் இருக்காராம். ரெண்டு மாசமா வெந்நீர் வரலையாம். எத்தனை மெயில் போட்டும் அந்த ஓனர் பதிலே போடலையாம்."

"அதுக்கு?"

"எப்படி எழுதினா பதில் வரும்னு டிராஃப்ட் போட்டு அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்."