சும்மா கிடந்த வால்வு

ஸ்காபரோ, கனடா.

கனடாவில் வீடு வாங்கப் போகும் தமிழர் முதலில் பார்ப்பது வாசல் எந்தத் திசை என்று. பிறகு குசினி. பிறகு பேஸ்மென்ட்டுக்குத் தனி வாசல் இருக்கிறதா, வாடகைக்கு ஆள் வைக்கலாமா என்ற கணக்கு. தண்ணீர் எந்த மூலையால் வீட்டுக்குள் நுழைகிறது, அதை நிறுத்துவதென்றால் எதைத் திருக வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம். ஸ்காபரோவில் 1960-களில் கட்டிய செங்கல் வீடொன்றில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து இணுவில்காரர் ஒருவரும் அப்படிக் கேட்காதவர்தான். அவரை இங்கே எல்லோரும் அண்ணர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

மார்கழி லீவுக்கு அண்ணர் குடும்பம் ஊருக்கு வர ஆயத்தமானது. சூட்கேஸ்கள் தராசில் ஏறி இறங்கின. ஒன்றில் கூடிய சொக்லேட்டை எடுத்து மற்றதில் அமுக்குவதும், மற்றது கூடியதும் திருப்பி எடுப்பதுமாக வீடு அமளிப்பட்டது. அந்த நேரம் பார்த்து மகள் இன்சூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்தை வாசித்துவிட்டாள். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதென்றால் பிரதான குழாயை அடைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் போக வேண்டும். அல்லது யாராவது தினமும் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். இரண்டும் செய்யாமல் குழாய் வெடித்தால் நட்டஈடு கிடைக்காது. இங்குள்ள பல பாலிசிகளில் இதற்குக் கெடு நான்கே நாள்.

இன்சூரன்ஸ்காரர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது வீதம் பருக்கிறது. வெளியே மைனஸ் இருபதில் நிற்கும் இரவொன்றில் ஃபர்னஸ் நின்றுபோனால் சுவருக்குள் ஓடும் செப்புக் குழாய் பிளந்துவிடும். பிளந்ததும் தெரியாது, உள்ளே இருக்கும் பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். அது இளகும்போதுதான் கூத்து. ஆளில்லாத வீட்டில் தண்ணீர் இரவு பகலாகக் கொட்டும்.

ஆகவே அண்ணர் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். தெருப்பக்கச் சுவரோரம், மிளகாய்த்தூள் பைகளுக்கும் பொங்கல் பானைக்கும் பின்னால், தரையிலிருந்து ஒரு செப்புக் குழாய் எழும்பி நின்றது. அதிலே சக்கரம் போன்ற கைப்பிடியோடு ஒரு பித்தளை வால்வு. அதற்கு மேலே தண்ணீர் மீட்டர். சக்கரத்தைத் திருகினார், அசையவில்லை. இரண்டு கையையும் கொடுத்துத் திருகினார். முனகிக்கொண்டு சுற்றியது. மேலே குசினியில் திறந்து வைத்திருந்த குழாயில் தண்ணீர் நூலாக மெலிந்தது, ஆனால் முற்றாக நிற்கவில்லை. இன்னும் ஒரு முறை இறுக்குவோம் என்று குனிந்தவரின் சொக்ஸ் சில்லென்று நனைந்தது. சக்கரத்தின் அடியில், தண்டைச் சுற்றித் தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டு விழுந்துகொண்டிருந்தது.

படியில் நின்று பார்த்த அண்ணி, "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார்.

அண்ணி சொன்னது பொறியியல்படியும் சரி. அது கேட் வால்வு எனப்படும் பழைய இனம். உள்ளே ஆப்பு வடிவில் ஒரு பித்தளைத் துண்டு. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அது இறங்கித் தண்ணீரை மறிக்கும். சக்கரத்தையும் அந்த ஆப்பையும் இணைக்கும் தண்டு வெளியே வரும் இடத்தில் கசியாமலிருக்க கிராஃபைட் ஊட்டிய கயிறு போன்ற ஒன்றைச் சுற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பேக்கிங். அதை அமுக்கிப் பிடிப்பது அறுகோண நட் ஒன்று. வருடக்கணக்காக யாரும் தொடாவிட்டால் பேக்கிங் காய்ந்து இறுகும், தண்டில் களிம்பு பிடிக்கும், ஆப்பு இருக்கும் இடத்தில் உப்பு படியும். தொடாதவரை எல்லாம் அமைதி. திருகியதும் களிம்பேறிய தண்டு பேக்கிங்கைக் கீறிவிடும். படிந்த உப்பு ஆப்பை முழுதாக இறங்க விடாது. ஒழுகாமலிருந்தது ஒழுகும், மூட வேண்டியது மூடாது.

அண்ணர் வால்வைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வைத்தியம் வந்து குவிந்தது. ஒருவர் டெஃப்லான் டேப்பை வெளியே சுற்றச் சொன்னார். இன்னொருவர் பசைக்களியை அப்பச் சொன்னார். உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு முன் இந்த இரண்டும் நிற்காது. மூன்றாமவர், "அது ஒழுக்கில்லை அண்ணை, குழாய் வேர்க்குது" என்றார். அதில் விஷயம் இருந்தது. மார்கழியில் ஏரித் தண்ணீர் கடும் குளிராக வரும். வீட்டில் ஆட்டுக்கறி சமைத்தால் ஆவி முழுதும் அந்தக் குழாயில்தான் போய்ப் படியும். எது வேர்வை, எது ஒழுக்கு என்று அறிய எளிய வழி உண்டு. குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு டிஷ்யூ தாளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வேர்வை என்றால் தாள் எங்கும் ஈரமாகும், ஒழுக்கென்றால் ஒரே இடத்தில் தொடங்கும். அண்ணரின் தாள் நட்டுக்கு அடியில்தான் நனைந்தது.

நான்காவது ஆலோசனைதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. "மீட்டருக்கு முன்னாலதானே ஒழுகுது? அப்ப பில் வராது. ஒரு வாளியை வைச்சிட்டு வெளிக்கிடுங்கோ." கணக்கு சரி. பிரதான வால்வு மீட்டருக்குத் தெருப்பக்கம் இருப்பதால் அதில் ஒழுகுவது மீட்டரில் ஏறாது. ஆனால் வாளிக்கணக்கு உதைத்தது. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் வருடத்துக்கு 3,000 கலனுக்கு மேல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அதாவது 11,000 லீற்றருக்கு மேல். நாளொன்றுக்கு முப்பது லீற்றர். பத்து லீற்றர் வாளியை நாளுக்கு மூன்று தரம் ஊற்ற அண்ணர் இணுவிலிலிருந்து எப்படி வருவது?

அடுத்தது நகரசபை. ஸ்காபரோ அடங்கும் ரொறன்ரோவில் 311 என்ற இலக்கத்துக்கு அடித்தால் குப்பை முதல் குழாய் வரை எதைப் பற்றியும் பேசலாம், 180-க்கும் மேற்பட்ட மொழிகளில் உரைபெயர்ப்பாளர் உண்டு. அண்ணர் தமிழிலேயே முறையிட்டார். மறுமுனையிலிருந்து ஒரே கேள்வி: ஒழுகுவது எல்லைக்கு எந்தப் பக்கம்? தெருவின் பெருங்குழாயிலிருந்து காணி எல்லை வரை நகரத்துக்குச் சொந்தம், எல்லையிலிருந்து வீடு வரை வீட்டுக்காரருக்கு. வேலிச் சண்டைக்குப் பேர்போன மண்ணிலிருந்து வந்தவருக்கு இது விளங்காமல் போகுமா? வால்வு தன்னுடையது என்பதை அண்ணர் வாதாடாமல் ஒப்புக்கொண்டார்.

இந்தத் தண்ணீருக்குப் பெரிய வரலாறு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுத்து நான்கு நிலையங்களில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அதிலொன்று, 1941-ல் இயங்கத் தொடங்கிய ஆர். சி. ஹரிஸ் நிலையம், பார்ப்பதற்கு அரண்மனை மாதிரி. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1987-ல் வெளியிட்ட 'இன் த ஸ்கின் ஒஃப் எ லயன்' நாவலில் அதைக் கட்டிய தொழிலாளர்கள் வருகிறார்கள். ஏரிக்கரைப் பகுதி இலக்கியத்தில் ஏறிவிட்டது. காணி எல்லையிலிருந்து பேஸ்மென்ட் வரையிலான பகுதி அண்ணர் தலையில் விழுந்தது.

கடைசியில் பருத்தித்துறைத் தம்பி ஒருவர் வந்தார். லைசென்ஸ் எடுத்த பிளம்பர். வால்வைக் கண்டதும் இரண்டு ஸ்பனரை எடுத்தார். ஒன்றால் வால்வின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் பேக்கிங் நட்டை வலஞ்சுழியாக எட்டில் ஒரு பங்கு சுற்றினார். பார்த்தார். இன்னும் அதேயளவு சுற்றினார். சொட்டு நின்றது. அண்ணர் வாயைத் திறந்தபடி நின்றார். நட்டை இதற்கு மேல் முறுக்கினால் தண்டு இறுகிச் சக்கரம் சுற்றாது, வெறிபிடித்தவன் போல் சுற்றினால் தண்டு முறிந்து ஆப்பு உள்ளே விழுந்துவிடும் என்று தம்பி விளக்கினார். ஒழுக்கு நின்றுவிட்டது, மூடாத வியாதி மட்டும் அப்படியே இருக்கிறது என்றும் சொன்னார். ஊருக்குப் போவதென்றால் வால்வையே மாற்ற வேண்டும்.

அதை மாற்றத் தெருவில் தண்ணீரை மறிக்க வேண்டும், எல்லையில் இருக்கும் வால்வை நகரசபை ஆள்தான் தொடலாம். அவர் வந்தபோது புல்தரையில் முழங்காலளவு பனி. உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை இடமும் வலமும் வீசிக்கொண்டு முற்றத்தில் நடந்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி யன்னலைத் திறந்து, புதையலா என்று சைகையால் கேட்டார். கருவி கீச்சிட்ட இடத்தில் தோண்ட ஒரு சிறிய இரும்பு மூடி தெரிந்தது. அதற்குள் ஆளுயரச் சாவியை இறக்கிக் கால் சுற்றுச் சுற்றினார். நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே குழாயைப் புதைப்பதால்தான் சாவிக்கு இந்த உயரம்.

கீழே தம்பி குழாயை அறுத்தார். அடிக்குழாயில் மிஞ்சிய தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. செப்பு ஈரமாக இருந்தால் ஈயப்பற்று ஒட்டாது. "அண்ணி, வெள்ளைப் பாண் ஒரு துண்டு தாங்கோ" என்றார். பிள்ளை பசியோடு வந்திருக்கிறது என்று அண்ணி உருகிப்போய், பாணோடு சம்பலும் முட்டைப் பொரியலும் கொண்டு வந்து நீட்டினார். தம்பி பாணின் கரையைப் பிய்த்து எறிந்துவிட்டு நடுப்பகுதியை உருட்டிக் குழாய்க்குள் திணித்தார். பற்றவைத்து முடியும்வரை பாண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரைத் திறந்தால் கரைந்து குழாய்வழி வந்துவிடும். பிளம்பர்களின் பழைய தந்திரம் அது. சம்பலும் முட்டையும் வேலை முடிந்த பிறகு உரிய இடத்துக்குப் போயின.

புதிதாக ஏறியது 'போல் வால்வு' (ball valve) எனும் இனம். உள்ளே துளையுள்ள ஓர் உருண்டை, வெளியே நீட்டுக் கைப்பிடி. கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் சுற்றோடு அலுவல் முடிந்தது. மின்சாரத்துக்கு நிலத்தொடுப்பாகக் குழாயில் பூட்டியிருந்த செப்புக் கம்பியைத் தம்பி மறக்காமல் பழையபடி இறுக்கினார். வருடத்துக்கு இரண்டு தரம் மூடித் திறந்துவிடுங்கோ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அண்ணர் ஊருக்கு வந்து சேர்ந்தார், ஆனால் வால்வு அவரை விடவில்லை. 2024-ல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலும் குழாய்த் தண்ணீர் பற்றிய பேச்சு அதிகம். நல்லூரில் தங்கை வீட்டுக்குப் போனவர் தேத்தண்ணீர் குடிக்க முதல் கேட்டடியில் மீட்டரைத் தேடிப் போய், வால்வை மூடித் திறந்து பார்த்தார். ஒழுகவில்லை. முகத்தில் சிறிய ஏமாற்றம்.

ஆனால் ஸ்காபரோ வட்ஸ்அப் குழுவில் அவர் இப்போது நிபுணர். இங்கே பின்னேரமானால் இணுவிலில் நடுச்சாமம் தாண்டிவிடும், அப்போதுதான் படங்கள் வரத் தொடங்கும். நேற்றும் இரண்டு மணிக்குப் போன் கிணுகிணுத்தது. மார்க்கத்திலிருந்து ஒருவர் வால்வின் படத்தைப் போட்டு, "அண்ணை, நீங்கள் சொன்னபடி திருகிப் பாக்கப் போறன்" என்று எழுதியிருந்தார். அண்ணர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். மஞ்சள் குழாய், பக்கத்தில் காஸ் மீட்டர். நுளம்பு வலைக்குள் இருந்தபடியே குரல் பதிவு அனுப்பினார்: "தம்பி, கையை எடு! அது காஸ்!" அந்தச் சத்தத்தில் ஒழுங்கை நாய்கள் எல்லாம் எழும்பிவிட்டன.