துப்பாக்கியும் கிட்டியும்

டெக்சாஸில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிய மச்சான், நீடாமங்கலத்துக்கே திரும்பி வருகிறார். "மாப்ளே, என் துப்பாக்கியையும் கொண்டாந்துடலாமா?" என்றார் போனில்.

தாராளமாக. நிரந்தரமாகக் குடிவருபவர் ஒன்றே ஒன்று கொண்டுவரலாம். அங்கே ஓராண்டாவது வைத்துப் புழங்கியிருக்க வேண்டும். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். வந்தபின் விற்கவோ இரவல் தரவோ கூடாது. எங்கள் தெருவில் இரவல் போகாத ஒரே சாமான் அதுவாகத்தான் இருக்கும். 2016 பேகேஜ் விதிகள், சலுகை கிடையாத பொருள்களின் பட்டியலில் துப்பாக்கியையும் தட்டை டி.வி.யையும் சேர்த்தே வைத்தன. குடும்பச் சண்டை தெரிந்த யாரோ எழுதியிருக்கிறார்கள்.

லைசென்ஸுக்குத் திருவாரூர் கலெக்டர் ஆபீசில் மனு, பிறகு போலீஸ் விசாரணை. "யாரால் ஆபத்து?" என்று கேட்டால், "பங்காளியால்" என்று சொல்லிவிட முடியுமா? அப்புறம் டெல்டா முழுக்க மனுப் போடும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று அதற்கு ஓயாத மறுவீடு.

சரி, எதைச் சுடுவது? பக்கத்து வடுவூர் ஏரி பறவைகள் சரணாலயம். வயலை மேயும் மயிலோ தேசியப் பறவை. மிச்சம் எலிதான். அதற்கு மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. பொழுதுசாய வரப்பில் வைத்தால், விடியும்போது எலி தொங்கும். லைசென்ஸ் வேண்டாம், தேர்தலுக்கு ஒப்படைக்க வேண்டாம்.

முக்கியமாக, பங்காளிக்கு இரவல் தரலாம்.